திறப்புக் கொடுத்தவர்

இராசாத்திக்கு மனேஜர் வேலை கிடைத்த கதை தெரியாத ஆள் கல்லடியில் யாராவது இருந்தால், அவர் அந்த நேரம் வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும். தாய் சீதேவிப்பிள்ளை அந்தச் செய்தியைச் சங்கக் கடை வரிசையில் சொன்னாள், மீன் விற்கப் போன இடத்தில் சொன்னாள், பஸ்ஸில் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மனிசிக்கும் சொன்னாள். கடிதத்தில் 'மனேஜ்மென்ட் ட்ரெய்னி' என்றுதான் இருந்தது. பின்னால் வருகிற சொல்லை விட்டுவிட்டால் ஒன்றும் குறைந்துபோகாது என்று சீதேவிப்பிள்ளை தானாகவே முடிவெடுத்துக்கொண்டாள்.

மனேஜர் பிள்ளை காலை ஏழு மணிக்குப் போய் முதலில் செய்கிற வேலை, காற்சட்டைக் காலை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு வாகனம் கழுவுவது. அது ஒரு கொழும்புக் கம்பனி. சுனாமிக்குப் பிறகு வந்து இறங்கிய தொண்டு நிறுவனங்களுக்கு வாகனம் வாடகைக்கு விடுவது அதன் தொழில். வாவிக் கரையோரம் பழைய நெல் களஞ்சியம் ஒன்றை எடுத்து, முன்பக்கம் கண்ணாடி போட்டு அலுவலகமாக்கி, பின்வளவில் பதினொரு வாகனங்களை நிறுத்தியிருந்தார்கள். மனேஜராகப் போகிறவர் தண்ணீர்க் குழாயிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது கம்பனியின் சட்டம். கழுவி முடிந்ததும் ஒரு தாளோடு வாகனத்தைச் சுற்றி வரவேண்டும். தாளில் வாகனத்தின் படம் இருக்கும். எங்கே கீறல், எங்கே நசிவு என்று பார்த்துப் படத்தில் வட்டம் போட வேண்டும். வாவிக்கு அக்கரையான படுவான்கரைக்கு ஓடித் திரும்பிய வாகனம் என்றால் கிரவல் கல் பட்டுக் கீழ்ப்பக்கமெல்லாம் வட்டம்தான். உள்ளே கால்மிதிக்கு அடியில் மணல், ஆசன இடுக்கில் பிஸ்கற் தூள், ஒருமுறை ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. யாருடையது என்று கேட்டு அவள் இரண்டு நாள் அலைந்தாள். யாருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் பேனை பிடிக்கிற வேலை. ரன்னிங் சாட் என்று ஒரு நீளப் புத்தகம். வாகன இலக்கம், சாரதியின் பெயர், போகும் இடம், புறப்பட்ட நேரம். வாகனச் சாவியை யார் கொடுத்தது என்று காட்ட, கடைசிக் கட்டத்தில் 'திறப்புக் கொடுத்தவர்' என்று இருக்கும். அதில் இராசாத்தி கையெழுத்து வைப்பாள். ஐந்து மாதமாக அவளுடைய கையெழுத்துத்தான் அந்தக் கட்டங்களில் வரிசையாக நின்றது.

"கொம்மா உன்ன மனேஜராக்கி அஞ்சு மாசம். கம்பனிக்காரன் எப்ப ஆக்கப் போறானாம்?" என்று தகப்பன் யோகராசா வலையைக் காயப் போட்டபடி கேட்பார்.

"இன்னும் ஒரு மாசம் அப்பா. ஆறு மாசம் முடிஞ்சா நிரந்தரமாக்கிக் கொழும்புக்கு எடுப்பாங்க."

"அப்ப அங்க ஆர்ர காரக் கழுவுவாய்?"

யோகராசா பகிடி விட்டாலும் அந்த ஒரு மாதத்தை அவரும் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு வைகாசி. சமாதான ஒப்பந்தம் கடதாசியில் மட்டும் இருந்தது. அடுத்த ஒழுங்கையில் சித்திரைக்குப் பிறகு இரண்டு பிள்ளைகளைச் சண்டைக்குச் சேர்க்கவென்று வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். யார் என்று ஒருவரும் சத்தமாகச் சொல்லவில்லை. அதில் ஒன்று பெண் பிள்ளை, இராசாத்தியோடு படித்தவள். சீதேவிப்பிள்ளை ஊரெல்லாம் மனேஜர், மனேஜர் என்று சொல்லித் திரிந்ததில் பெருமை பாதி என்றால் மீதி பயம். மகள் ஒரு கொழும்புக் கம்பனியின் ஆள், இன்றோ நாளையோ போகப் போகிறவள் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தால் ஒருவரும் கைவைக்க மாட்டார்கள் என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

அந்த மாதம் கண்ணகை அம்மன் சடங்கு. வருடத்தில் ஒருமுறைதான் அம்மன் கோயில் கதவு திறக்கும். அந்த நாட்களில் வீட்டில் மீன் சட்டி கழுவிக் கவிழ்ந்து கிடக்கும், யோகராசாவின் வலையும் ஓய்வெடுக்கும். கடைசி நாள் குளிர்த்தி. குளிர்த்திக்கு ஊரில் இல்லாத ஆளை ஊர் மன்னிக்காது.

சாரதிமார் பத்துப் பேரில் ஆறு பேர் தமிழர், நாலு பேர் முஸ்லிம்கள். அவர்களுக்குள்ளே ஓர் ஏற்பாடு இருந்தது. கம்பனி வருவதற்கு முன்பே, வாடகை வான் தரிப்பிடத்தில் நின்று ஓடிய காலத்திலிருந்தே இருந்தது. குளிர்த்திக்குத் தமிழர் ஓட்டத்தை முஸ்லிம் ஆட்கள் பார்ப்பார்கள். பெருநாளைக்கு அவர்களுடைய ஓட்டத்தை இவர்கள் பார்ப்பார்கள். இதை ஒருவரும் எழுதி வைத்ததில்லை, மேலிடத்தில் கேட்டதும் இல்லை. அக்கரை இயக்கத்தின் கையில் இருந்ததால், அங்கே போகிற வாகனங்களுக்கு மூன்று நாள் முன்கூட்டியே சாரதியின் பெயரோடு பட்டியல் கொடுத்து ஆமியிடம் அனுமதி எடுக்க வேண்டும். பெயரை மாற்றினால் திரும்பவும் மூன்று நாள். ஆகவே பெயர் அப்படியே இருக்கும், ஆள்தான் மாறும். பாலத்துச் சாவடியில் நின்ற சார்ஜன்ட்டுக்கும் இது பழக்கம். "அழகரத்தினம் கோயில்?" என்று சிரித்துவிட்டுத் தடியைத் தூக்குவான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அழகரத்தினம் வந்து மேசையில் கையூன்றிக்கொண்டு நின்றார். நாற்பது வயது, நெற்றியில் அழியாத திருநீறு.

"தங்கச்சி, திங்கக்கிழமை குளிர்த்தி. என்ட படுவான்கரை ஓட்டத்த அசனார் பாப்பான்."

"சரி அண்ணன்."

அவ்வளவுதான் பேச்சு. கொழும்பிலிருந்து வந்த ட்ரெய்னி ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் பத்துக் கேள்வி கேட்டிருப்பார். இராசாத்தி இந்த ஊரில் பிறந்தவள். குளிர்த்திக்கு ஒருவன் போவதும் அவன் வேலையை இன்னொருவன் பார்ப்பதும் அவளுக்குக் கேள்வியாகவே படவில்லை.

திங்கட்கிழமை ஆறரைக்கே காத்தான்குடியிலிருந்து அசனார் வந்துவிட்டார். ஐம்பதைத் தாண்டியவர்; அண்ணன் என்பதை முஸ்லிம் ஆட்கள் சொல்கிறபடி இராசாத்தி அவரைக் காக்கா என்பாள். டபிள் கெப்பின் மூடியைத் திறந்து எண்ணெய் பார்த்தார்.

"மகள், டீசல் அரைத் தாங்கிதான் இரிக்கி. போய்வரக் காணும். மறுகா உன்ட சாமான்கள் சரியா, ஜக்கு, மேல் டயரு?"

"எல்லாம் பாத்திட்டன் காக்கா."

"கொழும்புக்கு எப்ப?"

"ஒண்டாம் திகதி கடிதம் வரும்."

"போய்ச் சேரு. இஞ்ச என்ன இரிக்கி."

திறப்பை அவர் கையில் கொடுத்தாள். புத்தகத்தில் சாரதியின் கட்டத்தில் பட்டியலில் உள்ளபடி அழகரத்தினம் என்று எழுதினாள். கடைசிக் கட்டத்தில் கையெழுத்து வைத்தாள்.

பத்தரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. அந்த வாகனத்தில் போன தொண்டு நிறுவன அலுவலர் பேசினார். சாவடியில் ஞாயிற்றுக்கிழமை இரவு ஆட்கள் முழுக்க மாறிவிட்டார்களாம். பட்டியலில் அழகரத்தினம், அடையாள அட்டையில் அசனார். அழகரத்தினம் கோயிலுக்குப் போய்விட்டார் என்று அசனார் தமிழில் விளங்கப்படுத்த, விளங்கப்படுத்த, கேட்டவர்களுக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போயிருக்கிறது. வேறொருவர் பெயரில் வாவிக்கு அந்தப் பக்கம் போகப் பார்த்தவர் என்று எழுதிப் பொலிஸில் ஒப்படைத்துவிட்டார்கள்.

மனேஜர் கிங்ஸ்லி நீர்கொழும்பு ஆள். கெட்டவர் அல்ல, பயந்தவர். அவர் அன்று முழுக்கத் தொலைபேசியில் கொழும்போடு பேசினார். அடுத்த நாள் கொழும்பிலிருந்து ஃபக்ஸ் வந்தது. அதை இரண்டு முறை வாசித்துவிட்டு இராசாத்தியைக் கூப்பிட்டார்.

"மிஸ், இருங்க. ஹெட் ஒஃபிஸ் கேட்கிறது இதுதான். புத்தகத்தில அழகரத்தினம் பேர் இருக்கு. நீங்க லிஸ்டைப் பார்த்துப் பேரை எழுதினீங்க, கீயை வண்டியில போட்டீங்க. அதுக்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. அசனார் கேட்காம எடுத்துப் போயிட்டார். அவ்வளவுதான்."

"அப்பிடி நடக்கயில்ல சேர்."

"தெரியும். எனக்குத் தெரியாதா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "நீங்கதான் குடுத்தது எண்டு எழுதினா கம்பனி பொய்ப் பேரில ஆள் அனுப்பினதா வரும். எல்லா வாகனத்துக்கும் பாஸ் நிற்கும். உங்களுக்கு வேலையும் இல்ல, கொழும்பும் இல்ல. நாளைக்குப் பின்னேரத்துக்குள்ள ஒரு கடிதம் தாங்க. எதை எழுதுறது எண்டு நீங்க யோசிங்க."

"நான் எழுதாட்டி காக்காவை எவ்வளவு நாள் வைச்சிருப்பாங்க?"

கிங்ஸ்லி ஃபக்ஸை மடித்துக் கோப்புக்குள் வைத்தார். அப்போது அமுலில் இருந்த அவசரகாலச் சட்டத்தில் அதற்கு ஓர் எல்லை இல்லை.

செவ்வாய் இரவு வீட்டில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சீதேவிப்பிள்ளைக்கு முழுவதையும் கேட்கப் பொறுமை இல்லை.

"மனேஜர் செல்லுற மாதிரி எழுதன். அந்தாள் உன்னப் பெத்தவரா?"

"திறப்பு நான்தான் அம்மா குடுத்த."

"குடுத்தா? அவர் அம்பது வயது மனிசன், பள்ளிவாசல் ஆக்கள் இரிக்காங்க, பேசி எடுப்பாங்க. உன்னத் தூக்கினா ஆர்கா பேசுற? உன்ட அப்பனா?"

யோகராசா எழும்பி, காயப் போட்ட வலையை எடுக்க வெளியே போனார்.

புதன்கிழமை மதியம் இராசாத்தி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். குளிர்த்தி முடிந்து முதல் மீன். திரளி ஆணம் சட்டியில் கொதித்த வாசம் வளவெல்லாம் கமழ்ந்தது. அப்போது வளவு வாசலில், கடப்படியில் ஆட்டோ நின்றது. அழகரத்தினம் முன்னால் வந்தார், குளிர்த்தியில் கட்டிய மஞ்சள் நூல் கையில் இருந்தது. அவருக்குப் பின்னால் முக்காட்டை இழுத்துப் போர்த்துக்கொண்டு ஒரு மனிசி.

"அசனார்ர பெண்சாதி, நஸீறா" என்றார் அழகரத்தினம். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மூன்று நாளாக அவர் அப்படித்தான் இருந்தார்.

சீதேவிப்பிள்ளை கதிரையை இழுத்துப் போட்டாள். நஸீறா இருந்தாள், முந்தானையின் நுனியை விரலில் சுற்றினாள். வாயைத் திறக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் சீதேவிப்பிள்ளை முந்திக்கொண்டாள்.

"இஞ்ச பாருங்க தங்கச்சி, நீங்க வந்த காரியம் எனக்கு விளங்குது. கவலைதான். ஆனா இவளால ஒண்டும் ஏலாது. இவ சின்னப் பிள்ளை. இவக்கு அங்க ஒரு அதிகாரமும் இல்ல."

"மனேஜர் எண்டுதானே எல்லாரும் செல்லுற?" என்றாள் நஸீறா.

"ஆர் சொன்ன? கார் கழுவுறவ. விடியக் காத்தால போய்க் காற்சட்டைய உருட்டிக்கிட்டுக் கார் கழுவுறதுதான் இவட வேலை. கழுவுறவ கடுதாசி எழுதினா ஆர் பாப்பாங்க?"

ஐந்து மாதமாகக் கார் கழுவுவதைத் தன் வாயால் ஒருமுறைகூடச் சொல்லாத தாய். பேப்பரில் பெயர் வந்ததுபோல் மகளை ஊருக்குக் காட்டியவள். இராசாத்திக்கு முகம் எரிந்தது. வெட்கம் கார் கழுவுவதைச் சொன்னதற்காக அல்ல. அம்மா இவ்வளவு பயந்துபோயிருக்கிறாள் என்பதை அவள் அன்றைக்குத்தான் கண்டாள்.

நஸீறா விரலில் சுற்றிய முந்தானையை அவிழ்த்துவிட்டாள்.

"நான் கடுதாசி கேட்டு வரயில்ல" என்றாள். "விடியத்தான் அவரப் பாக்க விட்டாங்க. உங்களுக்கிட்ட ஒரு சேதி செல்லச் சொன்னாரு, அதான் வந்தன்."

"என்ன சேதி?" என்றாள் இராசாத்தி.

"புள்ள ஒண்டும் எழுத வேணாமாம். வண்டியில திறப்புக் கிடந்திச்சி, நானாவே எடுத்துப் போனன் எண்டு அவரு முதல் நாளே பொலிஸில எழுதிக் குடுத்திட்டாராம். புள்ளைக்குக் கொழும்புக் கடிதம் வரப்போகுது, அதக் கெடுக்காத எண்டு செல்லு எண்டாரு."

அழகரத்தினம் முற்றத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"செல்லச் சொன்னாரு, செல்லிட்டன்." நஸீறா எழும்பினாள். "நான் என்ன நினைக்கிறன் எண்டு கேக்காதீங்க. எனக்கு வீட்டில நாலு புள்ள. அவரு செய்தது எனக்குப் பிடிக்கவே இல்ல. அல்லாஹ் அறிய, பிடிக்கவே இல்ல."

சீதேவிப்பிள்ளை தேத்தண்ணி என்று ஏதோ சொல்லத் தொடங்கினாள். அதற்குள் நஸீறா கடப்படியைத் தாண்டிவிட்டாள். ஆட்டோ போன பிறகும் சீதேவிப்பிள்ளை அந்த இடத்திலேயே நின்றாள்.

இராசாத்தி கை கழுவிவிட்டு வந்து கொப்பியில் ஒரு தாளைக் கிழித்தாள்.

"எழுதப் போறயா?" என்றாள் தாய்.

"ஓம்."

"எழுதினா கொழும்புக்கு எடுக்க மாட்டாங்க."

"தெரியும்."

"என்ட கிளி, கேளு. எனக்கு அந்த மனிசியவிட நீதான் பெரிசு. அவட நாலு பிள்ளையவிட நீ பெரிசு. அதச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்ல." சீதேவிப்பிள்ளை தாளின் மேல் கையை வைத்தாள். "அந்தாளே வேணாம் எண்டு செல்லியிருக்கார். விடன்."

"அவர் செல்லாம இருந்திருந்தா, சில நேரம் விட்டிருப்பன் அம்மா."

அது உண்மை. நேற்று இரவு முழுக்க அவள் கிங்ஸ்லி சொன்ன மாதிரி எழுதுவதற்கு வசனம் தேடிக்கொண்டுதான் படுத்திருந்தாள். பாதி வசனம் தயாராகவும் இருந்தது. அதை அவள் தாய்க்குச் சொல்லவில்லை.

பேனை இரண்டு கீறு கீறி நின்றது. உதறினாள், எழுதவில்லை. மூலையில் வலைப் பொத்தலைத் தைத்துக்கொண்டிருந்த யோகராசா அன்றைக்கு முதல்முறையாக வாய் திறந்தார்.

"அது எழுதாது. தட்டுக்கு மேல மற்றது இரிக்கி, எடு."

ஐந்து வரிதான். குளிர்த்திக்காக அழகரத்தினம் விடுமுறையில் நின்றார், பட்டியலை மாற்ற நேரமில்லாததால் அவருடைய ஓட்டத்துக்கு அசனாரை அனுப்பினோம், வாகனத்தின் திறப்பை அவர் கையில் கொடுத்தது நான், அவர் கேட்காமல் எடுக்கவில்லை. கீழே பெயர், பதவி, திகதி.

கிங்ஸ்லி அதை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கம்பனி சீல் இல்லாம இதை எடுக்க மாட்டாங்க மிஸ்."

"சீல் வைச்சுத் தாங்க சேர்."

"என்னால வைக்க ஏலாது. எனக்கும் பிள்ளைகள் இருக்கு." அவர் மேசை லாச்சியைத் திறந்து, எதையோ தேடுவதுபோல் சீலையும் மைப்பெட்டியையும் எடுத்து மேசையில் வைத்தார். பிறகு எழும்பினார். "நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன். கால்மணித்தியாலம் ஆகும்."

வியாழக்கிழமை காலை பொலிஸ் நிலையத்தில் அதிகாரி சீல் வைத்த அந்தக் கடிதத்தையும் அசனாரின் வாக்குமூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தமிழ் தெரிந்த கொன்ஸ்டபிள் ஒருவர் மொழிபெயர்த்தார்.

"ரெண்டு பேரும் நான்தான், நான்தான் எண்டு எழுதியிருக்கிறீங்க. ஒண்டு பொய். எது எண்டு சேர் கேக்கிறார்."

"அவர் எழுதினது பொய்" என்றாள் இராசாத்தி.

"அவர் ஏன் தனக்கு எதிராகவே பொய் சொல்ல வேணும்?"

"நான் கொழும்புக்குப் போகவேணும் எண்டு."

அதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வதென்று கொன்ஸ்டபிள் கொஞ்சம் யோசித்தார். சொன்ன பிறகு அதிகாரி அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார், பிறகு அசனாரைக் கொண்டுவரச் சொன்னார். மூன்று நாள் மழிக்காத தாடியோடு வந்த மனிதர் மேசையில் கிடந்த கடிதத்தையும் அவளையும் கண்டதும் நின்றுவிட்டார்.

"என்னத்துக்கு எழுதின?"

"நடந்தத எழுதினன் காக்கா."

"ஒனக்கு விசரா புள்ள? நான் ரெண்டு கிழமையில, ரெண்டு மாசத்தில எப்பிடியும் வெளிய வந்திருப்பன். நீ இனி எங்க போவாய்? செல்லு, எங்க போவாய்?" அவர் உண்மையாகவே கோபப்பட்டார். கொன்ஸ்டபிள் அதை மொழிபெயர்க்கவில்லை.

பழைய வாக்குமூலத்தை மாற்றி எழுதிக் கையெழுத்து வைக்க அசனார் ஒரு மணித்தியாலம் மறுத்தார். வெளியே காத்திருந்த அழகரத்தினம் உள்ளே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுத பிறகுதான் வைத்தார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவரை விட்டார்கள். இராசாத்தி வாசலில் நின்றாள். அவர் அவளோடு பேசாமல் தாண்டிப் போனார். நஸீறா மட்டும் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்தாள்.

அங்கிருந்து இராசாத்தி அலுவலகத்துக்குப் போனாள். கடிதம் வந்திருந்தது. பயிற்சிக் காலம் இத்தோடு முடிகிறது, நியமனம் நிரந்தரமாக்கப்பட மாட்டாது, கொடுத்த பொருட்களை ஒப்படைக்கவும். அசனாருக்கும் அழகரத்தினத்துக்கும் அதேபோல் வேலை நிறுத்தி ஆளுக்கொரு கடிதம் மேசையில் கிடந்தது. அவள் இரண்டு சீருடைச் சட்டைகளையும் கம்பனி அடையாள அட்டையையும் கிங்ஸ்லியிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினாள். பின்வளவில் கழுவாத வாகனங்கள் வரிசையாக நின்றன.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம் இரண்டு மணி. யோகராசா மீனுக்கு வாவிக்குப் போயிருந்தார். சீதேவிப்பிள்ளை மகளின் வெறுங்கையைப் பார்த்தாள். கொழும்புக் கடிதத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"அந்த மனிசன் வீட்ட போயிட்டாரா?"

"ஓம் அம்மா."

"பெண்சாதி வந்தாவா?"

"வந்தா. கையப் பிடிச்சா."

"ம்."

சோறு போட்டாள். மகள் சாப்பிட்டு முடியும்வரை பக்கத்தில் இருந்து முள் எடுத்துக் கொடுத்தாள். சின்ன வயதுக்குப் பிறகு அப்படிச் செய்ததில்லை. ஒழுங்கையில் ஏதோ ஒரு வாகனம் மெதுவாக வந்து, நிற்காமல் போனது. சீதேவிப்பிள்ளை எழும்பினாள். கடப்பை இழுத்துக் கட்டினாள், யன்னல் இரண்டையும் சாத்தினாள், பட்டப்பகலில் வீட்டுக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள்.